முந்துகிற கை

பாப்பா பள்ளிக்கூடம் போன முதல் நாள் எந்தக் குறையும் இல்லாமல் போனது. 2024 ஜூன் 10, திங்கட்கிழமை. வெயில் குறையாததால் அந்த வருடம் பள்ளி திறப்பைச் சில நாள் தள்ளி வைத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் அவளுடைய சட்டையையும் பாவாடையையும் தைத்து, பிடிக்காமல் பிரித்து, மறுபடி தைத்திருந்தேன். சத்துணவு சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் வருடத்துக்கு நான்கு செட் சீருடை இலவசமாகவே கிடைக்கும். அது தெரிந்தும், முதல் நாளைக்கு என் கையால் தைத்ததைத்தான் போட்டுவிட வேண்டும் என்று ஆசை.

வாசலில் டீச்சர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். பாப்பா அழவில்லை. பால்வாடிக்கு இரண்டு வருடம் போய் வந்தவள், புது இடம் என்று மிரளவும் இல்லை. நான் வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்து மூன்று ஜாக்கெட் முடித்தேன். இவ்வளவுதானா என்று இருந்தது.

புதன்கிழமைதான் விஷயம் ஆரம்பித்தது.

சாயங்காலம் கூப்பிடப் போனபோது அவள் வேறொரு பாவாடையில் நின்றிருந்தாள். யாருடையதோ, இடுப்பில் நிற்காமல் இறங்கியது. ஒரு கையால் அதைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் கேரிபேக். அதற்குள் நான் தைத்த பாவாடை நனைந்து சுருண்டு கிடந்தது. டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். "பாத்ரூம் வரைக்கும் போயிருக்காம்மா. ஊக்கைக் கழட்ட வரல. யார்கிட்டயும் கேக்கவும் இல்ல, அங்கயே நின்னுருக்கா. வீட்டுல திட்டிறாதீங்க" என்றார்.

அந்த ஊக்கை வைத்தது நான். ஒன்று போதும் என்ற இடத்தில் இரண்டு வைத்திருந்தேன், ஓடி விளையாடும்போது அவிழ்ந்துவிடக் கூடாது என்று. கண்ணியையும் இறுக்கமாகத் தைத்திருந்தேன். மூன்று நாளும் காலையில் நானே மாட்டிவிட்டேன், முதல் இரண்டு நாள் சாயங்காலம் நானே கழற்றினேன். அதுவரை அவள் விரல் அந்த ஊக்கில் ஒருமுறைகூடப் பட்டதில்லை. அவளுக்கு அதைத் திறக்கத் தெரியுமா என்று யோசிக்கவே எனக்குத் தோன்றவில்லை.

வழியெல்லாம் அவள் பேசவில்லை. வீட்டுப் படி ஏறும்போது மட்டும், "இழுத்துப் பாத்தேம்மா, வரல" என்றாள். சரி தங்கம், அது அம்மா வச்ச ஊக்கு, அதுமேல தான் தப்பு என்றேன். அதற்குமேல் பேசினால் குரல் உடைந்துவிடும் போல இருந்தது.

நான் இருப்பது வத்தலக்குண்டு. கொடைக்கானல் மலைக்கு ஏறுகிற பஸ்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். வீட்டின் முன்னறையே என் கடை. பதினான்கு வருடமாகத் தைக்கிறேன். ஜூன் மாதம் வந்தால் ஜாக்கெட்டை ஒதுக்கிவிட்டுச் சீருடை வேலைதான். தனியார் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் துணி எடுத்து வருவார்கள். இலவசச் சீருடை பொது அளவில் வருவதால் இடுப்பைப் பிடிக்க, நீளத்தைக் குறைக்க அந்தப் பிள்ளைகளும் வருவார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பிள்ளைகளை எனக்கு முகத்தைவிட அளவில்தான் தெரியும். போன வருடத்து நோட்டை எடுத்துப் பார்த்து, "ரெண்டரை இஞ்சு வளந்துட்டியேடா" என்று சொன்னால் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வரும்.

அளவு எடுக்கிறவர்களுக்குச் சின்னப் பிள்ளைகளைப் பற்றி ஒரு விஷயம் சீக்கிரம் தெரிந்துவிடும். அவர்கள் சின்ன அளவில் செய்த பெரியவர்கள் இல்லை. பிறந்த குழந்தைக்கு மொத்த நீளத்தில் கால்பங்கு தலை. வளர்ந்த ஆளுக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். அதனால்தான் சின்னப் பிள்ளைகள் சட்டைக்குக் கழுத்தைத் தாராளமாக வெட்ட வேண்டும், இல்லையென்றால் தோளில் பட்டன் வைக்க வேண்டும். பழகாத கை வெட்டினால் தலை நுழையாது. வளர வளரக் கையும் காலும் நீண்டு தலையை எட்டிப் பிடிக்கின்றன.

பள்ளியில் சேர்க்க அந்தக் காலத்தில் காதைத் தொடச் சொன்னதும் இந்தக் கணக்குதான். எனக்கு 1991ல் அப்படித்தான் சேர்க்கை நடந்தது. பிறப்புச் சான்றிதழ் என்று எதுவும் அம்மாவிடம் இல்லை. தலைமையாசிரியர், "வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொடு" என்றார். தொட்டுவிட்டேன். சேர்த்துக்கொண்டார்கள். பிறந்த தேதி என்று ஜூன் மாதத்தில் ஒன்றை அவரே எழுதினார், இன்றைக்கும் ஆதாரில் அதுதான் இருக்கிறது. என் வயதுக்காரர்களும் அதற்கு மூத்தவர்களும் பலர் காகிதத்தில் மே, ஜூனில் பிறந்தவர்களாக இருப்பது இப்படித்தான். கை அந்த அளவு நீண்டிருந்தால் ஐந்து ஆறு வயது ஆகியிருக்கும் என்பது நம்பிக்கை. நான் தையல் கற்ற பிறகுதான் அது எவ்வளவு நல்ல கணக்கு என்று புரிந்தது.

பாப்பாவுக்கு அது தேவைப்படவில்லை. ஐந்து முடிந்திருந்தது, சான்றிதழ் இருந்தது, சேர்த்துவிட்டோம். வீட்டில் விளையாட்டாகத் தொட்டுக் காட்டச் சொன்னேன், விரல் நுனி காதின் மேல் மடல் வரை போனது. கை நீண்டிருந்தது. அந்தக் கைக்கு என்ன செய்யத் தெரியும் என்பதைத்தான் நான் அளந்து பார்க்கவில்லை.

அன்று ராத்திரி அவள் தூங்கிய பிறகு பாவாடையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். ஐந்து வருடத்தில் அவளாகச் செய்தது எது? சோறு நான் ஊட்டினேன். சட்டை நான் மாட்டினேன். தலை வாரியது, கால் கழுவிவிட்டது, செருப்பு வாரை இழுத்து மாட்டியது எல்லாம் நான். பால்வாடியில் ஆயா அக்கா செய்தார். பாசத்தினால் என்று சொல்லிக்கொள்ளலாம், பாசமும் உண்டுதான். ஆனால் பாதிக்கு மேல் அவசரம். வாசலில் ஒருவர் துணியோடு நிற்பார், வீட்டுக்காரர் விடியக் காலை நிலக்கோட்டையில் பூ ஏற்றப் போயிருப்பார். அவள் ஒரு பட்டனோடு பத்து நிமிடம் போராடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை. அவள் கையை நீட்டுவதற்குள் என் கை முந்திவிடும். தைக்கிற கை வேறு, வேகம் பழகிய கை.

இரவோடு இரவாக ஊக்கைப் பிரித்தேன். பட்டியைப் பிரித்து ஓர் இஞ்ச் எலாஸ்டிக்கை உள்ளே ஓட்டினேன். அவள் இடுப்பு இருபதரை, எலாஸ்டிக்கைப் பதினெட்டுக்கு வெட்டினேன். இதைவிட இறுக்கினால் தோலில் தடம் விழும், தளர்த்தினால் பாவாடை இறங்கும். இத்தனை வருடத்தில் நான் செய்த வேலைகளில் அவளுக்கு அதிகம் உதவியது அந்த ஒரு மணி நேர வேலைதான் என்று இன்றும் நினைக்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் வாசலிலேயே, "நானே போனேன், நானே வந்தேன்" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். பெற்றோர் யாராவது முதல் வகுப்புக்குச் சீருடை தைக்க வந்தால் இப்போது நானே சொல்லிவிடுகிறேன்: ஊக்கும் ஜிப்பும் வேண்டாம், எலாஸ்டிக் போடுவோம், ஒரு வருடம் போகட்டும். ஸ்மார்ட்டாக இருக்காதே என்பார்கள். இருக்கட்டும். பிள்ளை பாத்ரூமில் நின்று அழாமல் இருந்தால் போதும்.

அந்த ஜூலையில் மேலே கொடைக்கானலில் ஒரு மழலையர் பள்ளியில் வேலை பார்க்கிற அக்கா ஜாக்கெட் தைக்க வந்தார். பேச்சுவாக்கில் ஊக்குக் கதையைச் சொன்னேன். அவர்தான் மரியா மாண்டிசோரியைப் பற்றிச் சொன்னார். இத்தாலியில் டாக்டருக்குப் படித்த அம்மா. 1907ல் ரோமில் ஏழைத் தொழிலாளிகள் குடியிருந்த பகுதியில் சின்னப் பிள்ளைகளுக்காக முதல் பள்ளியைத் தொடங்கினார். 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் வந்ததால் ஊர் திரும்ப முடியாமல் போய்விட்டது. இத்தாலி எதிரி நாடு என்பதால் கட்டுப்பாடு வேறு. அந்த நாட்களில் சில வருடம் அவர் கொடைக்கானலில்தான் இருந்தார். நான் தினம் அண்ணாந்து பார்க்கிற மலையில் அப்படி ஒருவர் இருந்து பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு முப்பத்தெட்டு வயது வரை தெரியாது.

அவருடைய பள்ளிகளில் பட்டன் போடப் பழக ஒரு சட்டம் இருக்குமாம். மரச்சட்டத்தில் இரண்டு துணி, நடுவில் பட்டன் வரிசை. இன்னொன்றில் ஊக்கு, இன்னொன்றில் கயிறு முடிச்சு. பிள்ளை தன் உடம்பில் போட்டிருக்கும் சட்டையோடு போராடாமல், கண்ணுக்கு முன்னால் வைத்துச் செய்து பழகலாம். கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது. இது என் தொழில்!

அன்றே ஒன்று செய்தேன். மரச்சட்டம் கிடையாது, பழைய பெட்ஷீட்டை இரண்டாக மடித்துக் கான்வாஸ் வைத்து விறைப்பாக்கிக்கொண்டேன். பட்டன் அளவை நாங்கள் லைனில் சொல்வோம், நாற்பது லைன் ஓர் இஞ்ச். முதல் வரிசைக்குக் கோட்டுக்கு வைக்கிற 32 லைன் பட்டன். அடுத்தது 24. அதற்கு அடுத்தது சட்டைக்கு வைக்கிற 18, அரை இஞ்சைவிடக் கொஞ்சம் குறைவு. கீழே டிச் பட்டன். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஊக்கு. காஜா எல்லாம் கையாலேயே எடுத்தேன், பட்டனை விடக் கொஞ்சம் தாராளமாக.

மெஷினுக்குக் கீழே துண்டுத் துணிகள் கிடக்கிற இடம் அவளுடைய இடம். அங்கே உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். கழற்றுவது இரண்டாவது நாளே வந்துவிட்டது. மாட்டுவதுதான் வரவில்லை. நான் தைப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். பட்டனைக் காஜாவுக்குள் தள்ளுகிறாள், பாதி நுழைகிறது. அப்புறம் தள்ளுகிற விரலை எடுக்கிறாள். பட்டன் பின்னால் விழுந்துவிடுகிறது. மறுபடி தள்ளுகிறாள், மறுபடி விழுகிறது. மறுபக்கத்தில் இன்னொரு கை காத்திருந்து அதை வாங்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. நமக்கு அது தெரியும் என்பதே நமக்குத் தெரியாது, ஒரு கை கொடுக்கிறது, ஒரு கை வாங்குகிறது, யோசிக்காமல் நடக்கிறது. நானே பதினான்கு வருடமாகப் பட்டன் தைத்துவிட்டு அன்றைக்குத்தான் பட்டன் போடுவது எப்படி என்று பார்த்தேன்.

சொல்லியிருக்கலாம். ஒரு தடவை அவள் கையைப் பிடித்துக் காட்டியும் இருக்கலாம். முதல் நாள் மெதுவாகச் செய்து காட்டியிருந்தேன்தான், அவள் கண் பட்டனில் இருந்ததே தவிர என் இடது கையில் இல்லை. அக்கா ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்: ஒருதரம் காட்டு, அப்புறம் கையை எடுத்துடு. கையை எடுப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கையால் சக்கரம், இன்னொரு கையால் மெஷின் பலகையின் விளிம்பு. அவள் நெற்றியில் வியர்வை, உதட்டைக் கடித்திருந்தாள், மூச்சு சத்தமாக வந்தது. கொஞ்ச நேரத்தில் துணியைத் தூக்கி எறிந்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். அடுத்த நாள் தானாகவே எடுத்தாள்.

பன்னிரண்டு நாள் ஆனது. ஒரு சாயங்காலம் நான் காலர் திருப்பிக்கொண்டிருந்தபோது கீழே சத்தம் நின்றுவிட்டது. என்னவென்று பார்த்தால், மாட்டிய பட்டனைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். பெரிய பட்டன், முதல் வரிசை. அதைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். கழற்றினாள், மாட்டினாள். என்னைக் கூப்பிடவில்லை. அது எனக்கு வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல எனக்கு வராது.

18 லைன் பட்டன் வர ஆகஸ்ட் ஆகிவிட்டது. காலாண்டுத் தேர்வு லீவில் ஊக்கும் வந்துவிட்டது. உடனே எலாஸ்டிக் வேண்டாம் என்றாள். "பெரிய பிள்ளைங்க எல்லாம் ஊக்குதான் வச்சிருக்காங்க. எனக்கும் வச்சுத் தா." பட்டியைப் பிரித்து மறுபடி ஊக்கு வைத்தேன். இந்தத் தடவை ஒன்றுதான், அவள் வலது கைக்கு எட்டுகிற இடத்தில், கண்ணியைக் கொஞ்சம் தளர்த்தி. ஒரு மாற்றுப் பாவாடையைப் பையின் அடியில் வைத்து அனுப்பினேன். அந்தப் பாவாடை வருடம் முடிகிற வரை மடிப்புக் கலையாமல் அங்கேயே இருந்தது.

சோறு விஷயமும் சொல்ல வேண்டும். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலையிலும் சாப்பாடு உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா ஊருக்கும் வந்த திட்டம். காலையில் நான் ஊட்டுகிற நான்கு வாய் இட்லிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். டிவி ஓட வேண்டும், கதை சொல்ல வேண்டும், ஓடி ஓடிப் பிடிக்க வேண்டும். பள்ளியில் சேர்ந்து ஒரு வாரத்தில், "வேணாம், நான் அங்க சாப்புடுறேன்" என்று எழுந்துவிட்டாள். நான் நம்பவில்லை. ஒரு புதன்கிழமை மறந்து வைத்த நோட்டைக் கொடுக்கிற சாக்கில் போனேன். வரிசையில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். பொங்கலும் சாம்பாரும். பக்கத்துப் பிள்ளையோடு பேசிக்கொண்டே அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். மூக்கில் சாம்பார். முடித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். முன்னால் நின்ற பையன் கழுவி முடிக்கிற வரை காத்திருந்தாள். தட்டை மூன்று முறை அலசிக் கவிழ்த்துத் தண்ணீரை உதறினாள். வீட்டில் இவளுக்குக் கை கழுவிவிட நான்தான் சொம்போடு நிற்பேன்.

நோட்டைக் கொடுக்காமலே வந்துவிட்டேன். வாசலில் இருந்த அண்ணனிடம் கொடுத்து அனுப்பினேன். நான் நிற்பதைப் பார்த்தால் அவள் வாயைத் திறந்து காட்டிவிடுவாளோ என்று பயமாக இருந்தது, ஊட்டு என்று.

1982ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவில் வளர்ந்தவள் நான். அலுமினியத் தட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால் நடக்கும்போது சிலேட்டோடு மோதி டங் டங் என்று சத்தம் வரும். என் அம்மாவுக்கு என்னை ஊட்டி வளர்க்க நேரம் இருந்ததில்லை, விடிந்தால் களை எடுக்கப் போய்விடுவார். பாப்பா பள்ளியில் தானே சாப்பிட்டதைச் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை. "நான் உனக்கு ஊட்டுனதே இல்ல. நீ ஏதோ தன்னால வளந்துட்ட. இவளுக்காச்சும் ஊட்டணும்னு நீ நெனச்ச, தப்பில்ல" என்றார். அம்மாச்சிக்கு ரத்தினம் போன்ற பேத்தி அவள், வந்தால் இன்றைக்கும் ஊட்டித்தான் விடுவார். நான் தடுப்பதில்லை. எல்லா வாயும் அவளே அள்ளிச் சாப்பிட வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

எனக்கு இதில் மிகவும் கடினமாக இருந்தது ஊக்கும் இல்லை, சோறும் இல்லை. அவளுடைய நாளில் காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் வரை எனக்குத் தெரியாமல் போனதுதான். அதற்கு முன் அவளுக்கு நடந்த எல்லாம் எனக்குத் தெரியும், எத்தனை தடவை தும்மினாள் என்பது வரை. இப்போது, "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டால், "ஒண்ணும் நடக்கல." "யாரோட விளையாண்ட?" "தெரியல." "டீச்சர் என்ன சொல்லிக்குடுத்தாங்க?" "ஒண்ணும் இல்ல." முகத்தைப் பிடித்துத் திருப்பிக் கேட்டால் இன்னும் மூடிக்கொள்வாள். முழங்காலில் சிராய்ப்பு இருக்கும், எப்படி என்று சொல்ல மாட்டாள். ஒரு நாள் ரிப்பன் மாறி வந்தது, யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

இதற்கு வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. தீபாவளி வேலை நெருக்கடியில் நான் எதுவும் கேட்காமல் குனிந்து தைத்துக்கொண்டிருந்தேன். கீழே உட்கார்ந்து பட்டன் டப்பாவைக் கொட்டி நிறம் பிரித்துக்கொண்டிருந்தவள், தானாகப் பேச ஆரம்பித்தாள். யார் யாரைக் கிள்ளியது, யாருக்குப் பல் விழுந்தது, விழுந்த பல்லை எங்கே எறிந்தார்கள், டீச்சர் பாட்டுக்கு எப்படி ஆடினார், தான் அரும்பு என்றும் அடுத்து மொட்டு, அப்புறம் மலர் என்றும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் நிலைக்கு வைத்திருக்கிற பெயர் அவை. நல்ல பெயர்கள். நான் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் நின்றுவிடும் என்று தோன்றியது. மெஷின் சத்தம் பெரிதாகிவிடாமல் மெதுவாக மிதித்தேன். கண்ணை அவள் மேல் வைக்காமல் காதை மட்டும் வைத்தால் பேசுகிறாள். அன்றிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்குக் கையில் வேலையோடுதான் இருப்பேன், வேலை இல்லாவிட்டால் பழைய துணியையாவது தைப்பேன்.

அப்படி ஒரு சாயங்காலம்தான், "வாளப்பளம் வேணுமா" என்று கேட்டேன். கீழேயிருந்து பதில் வந்தது: "வாளப்பளம் இல்லம்மா. வாழைப்பழம். நாக்கை உள்ள மடிக்கணும், இப்பிடி." வாயைத் திறந்து நாக்கைக் காட்டினாள். எங்கள் பக்கம் பேச்சில் ழ கிடையாது. மழை எங்களுக்கு மளைதான், அப்படியே பேசி அப்படியே வளர்ந்தோம். எழுதும்போது மட்டும் ழ போடுவேன், வாயில் வந்ததில்லை. அவளுக்கு அது வந்துவிட்டது. நான் இல்லாத இடத்தில், நான் கொடுக்காத ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள், அதை எனக்கும் கொடுக்கப் பார்க்கிறாள். "சொல்லும்மா." சொன்னேன். "தப்பு. இன்னொரு தடவ." திரும்பச் சொன்னேன். நாலைந்து முறை பொறுமையாகத் திருத்தினாள். அவளுடைய டீச்சர் அவளிடம் எப்படிப் பேசுவார் என்பது அந்தக் குரலில் இருந்தது. கோபம் இல்லாத குரல். அதைக் கேட்டதும், பகல் முழுக்க நல்ல கையில்தான் இருக்கிறாள் என்று எனக்குத் தைரியம் வந்தது.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று, "நீ வராத. நான் எதிர்த்த வீட்டு அக்காகூடப் போறேன்" என்றாள். அந்த அக்கா ஐந்தாம் வகுப்பு. மெயின் ரோட்டைத் தாண்ட வேண்டும், மலைக்குப் போகிற வேன்கள் நிற்காமல் வரும் ரோடு. நான் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் அழுகை. மூன்றாவது நாள் சரி என்றேன், சொல்லாமல் பின்னாலேயே போனேன். கோயில் சுவர் ஓரமாக, முப்பது அடி தள்ளி. ரோட்டுக்கு வந்ததும் பெரியவள் இவள் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் நின்றார்கள். வலது பக்கம் பார்த்தார்கள், இடது பக்கம் பார்த்தார்கள். ரோடு காலியாகத்தான் இருந்தது, பெரியவள் அடி எடுத்து வைத்தாள். பாப்பா கையைப் பின்னால் இழுத்து நிறுத்தினாள். தூரத்தில் ஒரு பைக். அது கடந்து போகிற வரை நின்றார்கள். அப்புறம்தான் தாண்டினார்கள். அந்தப் பைக்கை நான் பார்க்கவில்லை. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளும் பின்னால் போனேன். அதற்கு மறுநாள் சுவர் வரை. அப்புறம் வாசலோடு நின்றுவிட்டேன். பள்ளி மணி எங்கள் தெருவுக்குக் கேட்கும், அது அடிக்கிற வரை மெஷினில் கை ஓடாது. இன்னும் ஓடுவதில்லை.

இப்போது இரண்டாம் வகுப்பு. எனக்கு நாற்பது நெருங்குகிறது, சாயங்கால வெளிச்சத்தில் ஊசிக் காது சரியாகத் தெரிவதில்லை. போன வாரம் அவளுடைய சட்டையிலேயே ஒரு பட்டன் அறுந்துவிட்டது. ஊசியைத் தூக்கிப் பிடித்து இரண்டு மூன்று தடவை முயன்றேன். கீழேயிருந்து எழுந்து வந்து, "குடு, நான் கோக்குறேன்" என்றாள். கொடுத்தேன். நூலை நேராகக் கொண்டுபோனாள், காதுக்குப் பக்கத்தில் வளைந்துவிட்டது. இரண்டாம் தடவை ஊசியின் மேல் தடவிக்கொண்டு போனது. என் கை எழுந்தது, கத்தரியைப் பிடித்துக்கொண்டேன். நூலை வெளிச்சத்தில் பார்த்தாள். நுனி பிரிந்திருந்தது. வாயில் வைத்து ஈரமாக்கி, இரண்டு விரலுக்கு நடுவே முறுக்கினாள், நுனி கூர்மையாகிற வரை. அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஊசியைத் தூக்கினாள்.